வெள்ளிக்கிழமை மெர்ஜ்

எங்கள் குழுவில் மெர்ஜ் செய்யும் வேலை என் தலையில் விழுந்ததற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. முன்பு அதைச் செய்துகொண்டிருந்தவர் வேலையை விட்டுப் போனார். இந்த வெள்ளிக்கிழமை யாராவது செய்தாக வேண்டும் என்று மேனேஜர் சொன்னபோது நான் தலையாட்டினேன். அடுத்த வெள்ளியும் என்னிடமே வந்தார்கள். அப்படியே ஆறு வருடம் ஓடிவிட்டது.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஒரே மென்பொருளில் எட்டுப் பேர் எழுதுகிறோம். ஒருவர் எழுதுவது இன்னொருவர் எழுதியதன் மேல் ஏறிவிடாமல் இருக்க, ஆளுக்கொரு பிரதி எடுத்துக்கொண்டு தனித்தனியாக எழுதுவோம். அந்தத் தனிப் பிரதிக்குத்தான் பிராஞ்ச் என்று பெயர். முடித்த பிறகு எல்லாவற்றையும் மூலப் பிரதியோடு சேர்க்க வேண்டும். கிட் என்ற கருவி அதைச் செய்யும். கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் போதும், முக்கால்வாசிக் கோப்புகளை அதுவே சேர்த்துவிடும். ஒரே இடத்தை இரண்டு பேர் மாற்றியிருந்தால் மட்டும் அதற்கு என்ன செய்வதென்று தெரியாது. கான்ஃப்ளிக்ட் என்று சொல்லி நின்றுவிடும். இருவர் எழுதியதையும் மேலும் கீழுமாக வைத்து, நடுவில் கோடு போட்டு, எது வேண்டும் என்று நம்மிடம் விட்டுவிடும். இரண்டையும் படிக்க வேண்டும். அவர் எதற்காக இப்படி எழுதினார், இவர் எதற்காக அப்படி எழுதினார் என்று புரிந்துகொண்டுதான் கை வைக்க வேண்டும். அதற்குப் பொறுமை வேண்டும். முதல் இரண்டு வருடம் எனக்கு அது இருந்தது.

எனக்கு வீடு செங்கல்பட்டில், ஆபீஸ் நாவலூரில். காலையில் மின்சார ரயில் பிடித்து வண்டலூரில் இறங்கி, கேளம்பாக்கம் பஸ் ஏறி, அங்கிருந்து இன்னொரு பஸ். சாயங்காலம் அதே மூன்று வண்டி, திருப்பிப் போட்ட வரிசையில். வெள்ளிக்கிழமை மட்டும் வண்டலூர் வரை ஆபீஸ் வேன் உண்டு. ஐந்தேகாலுக்குக் கிளம்பிவிடும். வாரம் முழுவதும் நின்றுகொண்டே போய்வந்த முதுகுக்கு அந்த வேனின் ஜன்னலோர சீட் பெரிய விஷயம். நாற்பத்தாறு வயதில் ஒரு மனிதன் வாரம் முழுக்க ஒரு சீட்டை நினைத்துக்கொண்டிருப்பான் என்று இருபத்தாறு வயதில் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

நாங்கள் எழுதுவது டயாலிசிஸ் சென்டர்களுக்கான மென்பொருள். சிறுநீரகம் பழுதானவர்கள் வாரத்துக்கு மூன்று நாள் அங்கே வந்து, நாலு மணி நேரம் மெஷினோடு படுத்திருக்க வேண்டும். யாருக்கு எந்த மெஷின், எந்த நேரம் என்பதை எங்கள் மென்பொருள் வைத்திருக்கும். முந்தின நாள் மாலை ஆறு மணிக்கே நோயாளியின் செல்போனுக்கு ஒரு மெசேஜ் அனுப்பும்: நாளை இத்தனை மணிக்கு வரவும்.

எட்டுப் பேரில் ஒருவர் மட்டும் வீட்டிலிருந்தே வேலை செய்துவந்தார். வேடந்தாங்கலுக்குப் பக்கத்துக் கிராமத்தில் மருமகளாகப் போனவர். முப்பத்து மூன்று முப்பத்து நாலு வயது இருக்கும். விவசாயக் குடும்பம். கணவர் லாரி ஓட்டுகிறார், பாதி மாதம் ஊரில் இருக்கமாட்டார். மாமனாருக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்ட பிறகு, பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி கேட்டு வாங்கியிருந்தார். மாதத்துக்கு ஒருமுறை ஆபீஸ் வருவார். என்னை அண்ணா என்பார். அவருடைய எழுத்து சுத்தமாக இருக்கும். எட்டுப் பேரில் அவர் எழுதியதைப் படிக்கும்போதுதான் எனக்குக் கண் வலிக்காது. இதை அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

ஒரே தொந்தரவு, அவர் ஊரில் நெட் நிற்காது. பறவை பார்க்க வரும் கூட்டம் அதிகமாகிவிட்டால் போன்கூட எடுக்காது. அதனால் அவருடைய பிராஞ்ச் எப்போதும் பின்தங்கியே இருக்கும். போன மார்கழியில் ஏழு வாரம் தனியாக எழுதிய பெரிய வேலை ஒன்றை அவர் முடித்திருந்தார். அதுவரை ஒரு நோயாளியின் நேரத்தை மாற்ற வேண்டுமென்றால் சென்டர்க்காரர்கள் அழித்துவிட்டு முதலிலிருந்து பதிய வேண்டும். இவர் அதை ஒரே பட்டனில் செய்துகொடுத்தார். நேரத்தை மாற்றினால் உடனே புது மெசேஜ் போகும், போகக் காத்திருக்கும் பழைய மெசேஜ் ரத்தாகிவிடும்.

அந்த வியாழக்கிழமை போன் செய்தார்.

"அண்ணா, நாளைக்கு என் பிராஞ்ச் எடுக்கறீங்க இல்ல? அந்த மெசேஜ் அனுப்பற ஃபைல் மட்டும் கொஞ்சம் பாத்து போடுங்கண்ணா. நீங்களும் அதுல இன்னாவோ பண்ணிகினு இருந்தீங்களே."

"ஆமா, தமிழ் வாசகத்தை எல்லாம் மாத்தினேன்."

"அதான். எப்படியும் இடிக்கும். பழசை கேன்சல் பண்றது ரெண்டு எடத்துல கீது. வேணும்னா கூப்பிடுங்க, மாடிக்குப் போயிட்டா சிக்னல் வரும்."

பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

மறுநாள் மதியம் இரண்டரைக்கு உட்கார்ந்தேன். முதலில் மற்றவர்களுடைய நாலு பிராஞ்ச். ஒரு பையன் கோப்பு முழுவதும் காலியிடங்களை மாற்றி வைத்திருந்தான், அதிலேயே ஒரு மணி நேரம் போனது. முந்தின நாள் போன் செய்தவருடையதை எடுக்கும்போது மணி நாலு. பத்தொன்பது கோப்புகளில் கான்ஃப்ளிக்ட். பன்னிரண்டை ஒழுங்காகத்தான் செய்தேன். இவர் எழுதியதைப் படித்து, மூலத்தில் இருந்ததைப் படித்து, வரிவரியாக. பிறகு நேரம் பார்த்தேன். ஐந்து அடிக்கப் பத்து நிமிடம்.

கிட்டில் 'அவர்ஸ்' என்று ஒரு சொல் உண்டு. கட்டளையோடு அதைச் சேர்த்துத் தட்டினால், கான்ஃப்ளிக்ட் உள்ள கோப்பு முழுவதும் நம் பக்கத்து எழுத்தே, அதாவது மூலப் பிரதியில் இருப்பதே, நின்றுவிடும். எதிர்ப்பக்கம் போய்விடும். அது ஒன்றும் தவறான கட்டளை இல்லை. எது போகிறது என்று தெரிந்து செய்தால் சரி. நான் மீதி ஏழு கோப்புக்கும் அதைப் போட்டேன். ஏழில் ஒன்று மெசேஜ் கோப்பு என்று எனக்குத் தெரியும். பெயர் கண்ணில் பட்டது. என்னுடைய தமிழ் வாசகங்கள்தானே அதில் புதுசு, அவை பத்திரமாக இருக்கட்டும் என்று ஏதோ ஒரு சமாதானம் அந்த நொடியில் வந்தது. கோப்பைத் திறக்கவில்லை. எப்போதும் செய்வதுபோல், வேலை முடிந்த பிராஞ்ச்களை அழித்தேன். வேனில் ஜன்னலோரம் கிடைத்தது. புதுப்பாக்கம் தாண்டும்போதே தூங்கிவிட்டேன்.

அடுத்த வாரம் புதிய பதிப்பு எல்லா சென்டருக்கும் போனது. அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை மேனேஜருக்கு மூன்று இடத்திலிருந்து புகார். மாமல்லபுரம் ரோட்டில் ஒரு சென்டர், எனக்குத்தான் பக்கம் என்று புதன்கிழமை என்னைப் போய்ப் பார்க்கச் சொன்னார். திருக்கழுக்குன்றம் வழியாக பஸ்ஸில் போனேன். நாவலூர் போகவேண்டாம் என்பதில் சந்தோஷமாகக்கூட இருந்தது.

சென்டரில் எட்டு மெஷின், எட்டிலும் ஆள். வரவேற்பில் இருந்த பெண் எனக்குக் கம்ப்யூட்டரைக் காட்டிக்கொண்டிருந்தபோது ஒரு கணவனும் மனைவியும் உள்ளே வந்தார்கள். மணி இரண்டு. கணவருக்கு அறுபது இருக்கலாம், சுற்றுலாப் பயணிகளுக்கு வேன் ஓட்டியவர் என்று பிறகு தெரிந்தது. கால் இரண்டும் வீங்கியிருந்தன. வாசலிலிருந்து பெஞ்சு வரை நடப்பதற்குள் இரண்டு முறை நின்றார்.

வரவேற்புப் பெண் எழுந்து, "உங்களுக்கு காலைல ஏழு மணி இல்லியாம்மா? எவ்ளோ நேரம் மெஷின காலியா வெச்சிருந்தோம். போன் பண்ணா சுவிட்ச் ஆஃப்னு வருது" என்றாள்.

மனைவி மடியிலிருந்து போனை எடுத்தார். "ரெண்டு மணின்னு போட்டுகீதே. பாரு."

வாங்கிப் பார்த்தேன். நேற்று மாலை நாலு மணிக்கு ஒரு மெசேஜ்: நாளை காலை ஏழு மணிக்கு வரவும். ஆறு மணிக்கு இன்னொன்று: நாளை மதியம் இரண்டு மணிக்கு வரவும். இரண்டும் நான் எழுதிய வாசகம். இரண்டிலும் கீழே 'தயவுசெய்து தவறாமல் வரவும்' என்று நான் சேர்த்த வரி.

"ரெண்டு வந்துகீது. கடைசியா வந்ததுதானே சரியா இருக்கும்னு வந்தோம்" என்றார் அந்த அம்மா. கோபமே இல்லை. அதை விளக்கமாகத்தான் சொன்னார், தவறு தங்கள் மேல் இருந்தால் மன்னிக்க வேண்டும் என்பதுபோல.

மெஷின் காலியாக ஆறு மணியாகும் என்றாள் அந்தப் பெண். இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கணவர் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது. ஒரு நர்ஸ் வந்து ரத்த அழுத்தம் பார்த்து, ஆக்ஸிஜன் வைத்தாள். நான் கம்ப்யூட்டரில் பார்க்க வேண்டியதை அரை மணியில் பார்த்து முடித்துவிட்டேன். கிளம்பியிருக்கலாம். உட்கார்ந்திருந்தேன்.

நடுவில் அந்த அம்மா என்னிடம் கேட்டார்: "நீ ஆபீஸ்காரனா? இந்த மெசேஜு யாரு அனுப்புறது?"

"அது கம்ப்யூட்டரே அனுப்பறதும்மா."

"அதுக்கு ஒருத்தர் சொல்லித் தரணும் இல்ல?"

ஆமாம் என்றேன். அவர் கணவருக்கு ஐந்தேமுக்காலுக்கு மெஷின் கிடைத்தது. ஊசி போட்டு ரத்தம் குழாயில் ஓட ஆரம்பித்ததைப் பார்த்துவிட்டு வெளியே வந்தேன்.

அன்று வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தேன். மூலப் பிரதியில் மெசேஜ் கோப்பைப் பார்த்தால், பழையதை ரத்து செய்யும் வரிகள் இல்லை. நேரத்தை ஏழுக்கு மாற்றியதும் நாலு மணிக்கே புது மெசேஜ் போயிருக்கிறது; ஆறு மணிக்குப் போகக் காத்திருந்த பழைய இரண்டு மணி மெசேஜும் ரத்தாகாமல் பின்னாலேயே போயிருக்கிறது. ஒவ்வொரு வரியையும் யார் எழுதியது என்று காட்ட கிட்டில் ஒரு கட்டளை உண்டு. அந்தக் கட்டளைக்குப் பெயரே 'ப்ளேம்', பழி. ஆனால் அது இருக்கும் வரிக்குத்தான் பெயர் சொல்லும். இல்லாத வரிக்கு யார் பெயரும் வராது. மேலோட்டமாகப் பார்க்கும் யாருக்கும், எழுத வேண்டியவர் எழுத மறந்துவிட்டார் என்றுதான் தோன்றும். பிராஞ்சை அழித்தாலும் அதன் வரலாறு கிட்டில் இருக்கும்; மெர்ஜுக்கு உள்ளே இறங்கி, அதற்கு முன்னால் இரண்டு பக்கமும் என்ன இருந்தது என்று பார்த்தால்தான் தெரியும். இறங்கிப் பார்த்தேன். அவர் பக்கத்தில் இரண்டு இடத்திலும் அந்த வரிகள் இருந்தன. மெர்ஜின் தலையில் என் பெயரும் நேரமும்: வெள்ளி, நாலு ஐம்பத்திரண்டு.

வியாழக்கிழமை வீடியோவில் மீட்டிங். மேனேஜர் கெட்டவர் இல்லை, அவருக்கு மேலே இருப்பவர்கள் காலையிலிருந்து போன் செய்துகொண்டிருந்தார்கள். அந்த பிராஞ்சை எழுதிய பெண்ணிடம் நேராகக் கேட்டார்.

"கேன்சல் லாஜிக் எழுதவே இல்லையே, ஏன்? ஏழு வாரம் குடுத்தோம்."

"எழுதினேன் சார்."

"ஃபைல்ல இல்லையே. நானே பாத்தேன்."

திரையில் அவர் முகம் அசையாமல் நின்றுவிட்டது. நெட் நின்றுவிட்டதா, அவரேதான் அப்படி இருந்தாரா என்று தெரியவில்லை. பிறகு, "பாக்கறேன் சார்" என்றார். பின்னால் மாமனார் எதற்கோ கூப்பிடும் சத்தம் கேட்டது. அவர் மைக்கை அணைத்தார்.

எட்டுப் பேரும் இருந்தோம். நான் வாயைத் திறந்திருக்க வேண்டிய இடம் அது. திறக்கவில்லை. மீட்டிங் முடிந்ததும் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். முடிந்ததும், திங்கட்கிழமை சொல்லலாம் என்று நினைத்தேன். அன்று மாலையே மேனேஜர் எல்லாருக்கும் மெயில் போட்டுவிட்டார். வீட்டிலிருந்து செய்யும் வேலையில் கவனக்குறைவு ஏற்படுவதால், அடுத்த வாரம் முதல் அனைவரும் ஆபீஸ் வந்துதான் வேலை செய்ய வேண்டும். அனைவரும் என்றால் அவர் ஒருவர்தான்.

வரிகளை அவரே திரும்பச் சேர்த்து, வெள்ளிக்கிழமை காலையிலேயே சரிசெய்து அனுப்பிவிட்டார். ஒரு கேள்வி கேட்கவில்லை.

திங்கள் காலை செங்கல்பட்டு பிளாட்பாரத்தில் அவரைப் பார்த்தேன். கணவரின் தங்கை வந்து மாமனாரோடு இருப்பதாகவும், இரண்டு வாரம்தான் அவளால் இருக்க முடியும் என்றும் சொன்னார். வீட்டில் நாலேகாலுக்கு எழுந்து, சமைத்து, மாமனாரைத் துடைத்துவிட்டு, ஐந்தரைக்கு ஒரு தெரிந்தவர் பைக்கில் படாளம் வந்து, அங்கிருந்து பஸ். நின்றுகொண்டே டப்பாவிலிருந்து இட்லியைப் பிட்டுச் சாப்பிட்டார். வண்டலூர் வரை சேர்ந்து போனோம். அந்த வாரம் மூன்று நாள் அப்படிப் போனோம். மூன்று நாளும் மழை, பஸ், ஆபீஸ் ஏசி என்று எதையாவது பேசினேன்.

வியாழக்கிழமை ரயிலில் இடம் கிடைத்தது, எதிரெதிரே உட்கார்ந்தோம். சிங்கப்பெருமாள் கோயில் தாண்டியதும் சொன்னேன்.

"ஒண்ணு சொல்லணும்மா. அந்த கேன்சல் வரிகளை எடுத்தது நான்தான். மெர்ஜ் பண்றப்போ பாக்காம என் பக்கத்தை வெச்சுட்டேன்."

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியும்ணா."

"எப்போ?"

"மீட்டிங் அன்னிக்கே. லாக்ல போயி பாத்தேன். நாலு அம்பத்திரண்டு."

"அப்போ ஏன் சொல்லல?"

"நான் சொன்னா, என் தப்பை உங்க மேல தள்ளுறேன்னு ஆவும். நீங்க ஆறு வருசமா பண்றீங்க. நான் வூட்ல குந்திகினு வேலை செய்யறவ. யாரை நம்புவாங்க?" ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பிச் சொன்னார்: "நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்துகினு இருந்தேன். அன்னிக்கே சொல்லுவீங்கன்னு நெனச்சேன். ஒரு வாரம் ஆயிடுச்சு."

"தப்புதான்."

"தப்பு எல்லாருந்தான் பண்றாங்க. போன் பண்ணி சொன்னேன் இல்லண்ணா, பாத்து போடுங்கன்னு. அதான் பேஜாரா கீது."

வண்டலூரில் இறங்கி பஸ்ஸுக்கு நடக்கும்போது அவர் முன்னால் போனார். நான் கொஞ்சம் பின்தங்கி நடந்தேன்.

ஆபீஸில் போய் உட்காராமல் நேராக மேனேஜர் அறைக்குப் போனேன். சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவருக்கும் அதற்குத் தெம்பு இல்லை போலும்.

"ஃபிக்ஸ் போயாச்சு இல்ல. இப்போ எதுக்கு இதைக் கிளறணும்? விடுங்க."

"அந்தம்மா மேல மெயில் போயிருக்கு சார்."

"பேர் போடலையே."

"பேர் போடணுமா சார்? எல்லாருக்கும் தெரியுமே."

என் இடத்துக்கு வந்து, மேனேஜர் அனுப்பிய அதே மெயிலுக்குப் பதிலாக, எல்லாருக்கும் போகும்படி நாலு வரி எழுதினேன். கேன்சல் வரிகளை அந்தம்மா எழுதியிருந்தார். மெர்ஜ் செய்யும்போது நான் படிக்காமல் நீக்கிவிட்டேன். முன்கூட்டியே என்னை எச்சரித்தும் இருந்தார். தவறு என்னுடையது. அனுப்பும் பட்டனை அழுத்த, மெர்ஜ் கட்டளை தட்டும் நேரம்தான் ஆனது. மதியம் சாப்பிடும்போது ஒருவர், "எதுக்கு சார் உங்களுக்கு இது" என்றார்.

உத்தரவை உடனே எடுக்கவில்லை. எடுத்தால் தான் தவறாகப் போட்டதாக ஆகிவிடுமே என்று மேனேஜர் பத்து நாள் இழுத்தார். அதுவரை அந்தம்மா தினம் வந்து போனார். பிறகு வாரத்தில் ஒரு நாள் வந்தால் போதும் என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். மேலேயிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது, கவனமாக இருக்கும்படி. மெர்ஜ் வேலையை என்னிடமிருந்து எடுத்துவிடுவார்கள் என்று எதிர்பார்த்தேன், உண்மையில் ஆசைப்பட்டேன். செய்ய வேறு ஆள் இல்லை என்றார்கள்.

நான் மாற்றியது ஒன்றுதான். கான்ஃப்ளிக்ட் வந்தால் எழுதியவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் கை வைப்பது. அந்தம்மாவும் தான் ஆபீஸ் வரும் நாளை வெள்ளி என்று வைத்துக்கொண்டார். முதல் வெள்ளி, அவருடைய அடுத்த பிராஞ்சை எடுத்தோம். பதினோரு கோப்பு. அவர் நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். மேலே இருப்பது யார் எழுதியது, கீழே இருப்பது யார் எழுதியது, இரண்டும் வேண்டுமா என்று ஒவ்வொன்றாகப் போனோம். பேச்சு வேலையைப் பற்றி மட்டும்தான். பழைய மாதிரி அவர் நடுநடுவே சிரிப்பதில்லை. அண்ணா என்று கூப்பிடுவது மட்டும் நிற்கவில்லை.

ஆறாவது கோப்பில் ஒரு சிக்கலான இடம். நான் மேலேயும் கீழேயும் இரண்டு முறை படித்துவிட்டு, "இதுல உங்களோடது இருக்கணுமா, இல்ல ரெண்டையும் சேக்கணுமா?" என்று கேட்டேன். திரும்பிப் பார்த்தால், கையை மேஜைமேல் மடித்து, அதில் கன்னத்தை வைத்துத் தூங்கிவிட்டிருந்தார். நாலேகாலுக்கு எழுந்த முகம். வாய் லேசாகத் திறந்திருந்தது.

மணி நாலு நாற்பது. எனக்கு எது சரி என்று ஓரளவு தெரிந்துதான் இருந்தது. கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஐந்தேகாலுக்குக் கீழே வேன் ஹாரன் அடித்தது. இரண்டு மூன்று முறை அடித்துவிட்டுக் கிளம்பிப் போய்விட்டது.

அவர் கண் விழித்தபோது முதலில் திரையைத்தான் பார்த்தார்.

"எங்க இருக்கோம்ணா?"

"அதே எடத்துலதான்."

முகத்தைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை முன்னால் நகர்த்தினார். இரண்டு பகுதியையும் வாய்க்குள்ளேயே படித்தார்.

"ரெண்டும் வேணும்" என்றார். "உங்களுது மொதல்ல வரட்டும்."

சேர்த்தேன். அடுத்த கோப்பைத் திறந்தேன். இன்னும் ஐந்து இருந்தது.